ஏழாம் வகுப்பு நோட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

என் பெயர் சோணமுத்து. நான் துணி தேய்க்கிறேன். இன்று வெயில்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றும் வெயில். கரி நன்றாகப் பிடித்தது. வகுப்பில் உமையாள் தினம் ஒரு வரி எழுதச் சொன்னாள். இது நான்காவது வரி.

ஆகஸ்ட் 9, சனி

என் மனைவி பெயர் பஞ்சவர்ணம். அவள் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். நான் நாற்பது வீட்டுத் துணி தேய்க்கிறேன். எங்கள் வீட்டில் தேயாத ஆள் இல்லை. உமையாள் இதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். இரண்டு இடத்தில் சிவப்பு மை போட்டாள்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எங்கள் வீட்டு வல்லி படித்த பள்ளிக்கூடத்தில்தான் எங்கள் வகுப்பு நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு வரவேண்டும். பன்னிரண்டு பேர் வருகிறோம். ஆம்பிளை நானும் வாட்ச்மேன் கருப்பணனும். உமையாள் எங்கள் தெருப் பிள்ளை, பி.ஏ. முடித்தவள், சம்பளம் இல்லாமல் சொல்லித் தருகிறாள். இன்று ஒவ்வொருவரிடமும் எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று கேட்டாள். ஒருத்தி பஸ் போர்டு படிக்க என்றாள். ஒருத்தி போன் பார்க்க என்றாள். நான் மனு எழுத என்றேன்.

"என்ன மனுண்ணே?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

என் மகள் பெயர் ஆனந்தவல்லி.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. கை வலி.

ஆகஸ்ட் 30, சனி

ஒரு பக்கம் எழுதி வரவேண்டும் என்று உமையாள் சொல்லிவிட்டாள். எழுதுகிறேன்.

எனக்கு ஒரே மகள். ஏழாம் வகுப்பு படித்தாள். இந்த வருடம் ஜனவரி பத்தொன்பதாம் தேதி பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனாள். அவளுக்குச் சர்க்கரை வியாதி இருந்திருக்கிறது. பன்னிரண்டு வயதில் சர்க்கரை வரும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் வாந்தி எடுத்தாள். மூச்சு வாங்கியது. தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு நாள்தான் இருந்தாள். டாக்டர் என்னைப் பார்த்து, "ரெண்டு மாசமாவே இருந்திருக்கும். ஸ்கூல்லகூடவா யாரும் கவனிக்கல?" என்று கேட்டார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. வல்லியின் டீச்சர் பெயர் ரெஜினா. காலையிலிருந்து சாயங்காலம்வரை என் பிள்ளை அவர் கண் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை எங்களுக்குச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தார். தெருவில் நிற்க வைத்து, "பெத்த வயிறு எரியுது, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கத்தினேன். வாயைத் திறக்கவில்லை. தப்பு செய்தவர் எப்படித் திறப்பார்?

பிப்ரவரியில் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வாசலில் மனு எழுதுகிறவர் எழுதிக் கொடுத்தார். உள்ளே அதிகாரி, "இதுல என்ன எழுதியிருக்கு, சொல்லுங்க" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதியவர் அவர் பாஷையில் என்னவோ எழுதியிருந்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஜூன் மாதம் டீச்சரை மேலூர்ப் பக்கம் மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மாற்றினால் ஆயிற்றா? இந்த முறை என் கையால் எழுதுவேன். அவருக்கு வேலை போகவேண்டும். அதற்குத்தான் படிக்கிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

உமையாள் அந்தப் பக்கத்தில் சிவப்பு மை போடவில்லை. பிழை இருந்திருக்கும். போடவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வல்லியின் பழைய நோட்டுகளைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்தேன். படித்துப் பழக வேறு புத்தகம் எதற்கு? பஞ்சவர்ணம் ஓடி வந்தாள். "அதையெல்லாம் எதுக்கு நோண்டுறீங்க? இருக்கட்டும் விடுங்க" என்றாள். என் பிள்ளை நோட்டு, நான் எடுக்கிறேன் என்றேன். பிறகு அவளே ஒன்றாம் வகுப்பு நோட்டை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். "ஒவ்வொண்ணா நாந் தாறேன்" என்று பெட்டியை மூடிவிட்டாள்.

அம்மா. ஆடு. இலை. ஈ. முதல் பக்கத்தில் எழுத்தெல்லாம் என் எழுத்து போலவே தலைகுப்புற விழுந்து கிடக்கிறது. பத்தாவது பக்கத்தில் நிமிர்ந்துவிட்டது. எனக்கு நிமிர ஒரு மாதம் ஆயிற்று. பிள்ளை என்னைவிடக் கெட்டி.

செப்டம்பர் 18, வியாழன்

படிக்க வந்துவிட்டால் சட்டைக் காலரில் இருக்கும் பெயரைப் படித்துச் சட்டைகளைப் பிரிக்கலாம் என்று நினைத்திருந்தேன். இதுநாள்வரை பொத்தானையும் வியர்வை வாடையையும் வைத்துத்தான் எந்த வீட்டுச் சட்டை என்று கண்டுபிடிக்கிறேன். இன்று எடுத்துப் பார்த்தால் எல்லாக் காலரிலும் ஆங்கிலமாம். உமையாள் சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். பழையபடி வாடைதான்.

செப்டம்பர் 26, வெள்ளி

தண்ணீர்ப் பானையைக் கழுவிக் கவிழ்த்தேன். போன கார்த்திகை மாதம் பழைய பானை ஒழுகுகிறது என்று இதை வாங்கினேன். காலையில் நிறைத்து வைத்தால் சாயங்காலம் பாதிதான் இருக்கும். இதுவும் அப்போது ஒழுகியது. கடைக்காரனோடு சண்டை போட்டேன். இப்போது ஒழுகவில்லை. தானாக அடைத்துக்கொண்டது போல.

அக்டோபர் 6, திங்கள்

உமையாள் இனிமேல் என் நோட்டைத் திருத்த மாட்டாளாம். "நீங்க எழுதுறது இப்ப உங்களுக்குண்ணே. நான் படிக்கக் கூடாது" என்றாள். ஒருவகையில் நல்லது. வாட்ச்மேன் கருப்பணன் வகுப்பில் குறட்டை விடுகிறான் என்று எழுத இனி பயமில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

வல்லியின் மூன்றாம் வகுப்பை எட்டிப் பிடித்துவிட்டேன். கடைசிப் பக்கம் முழுக்க என் பெயர் இருக்கிறது. பெ. சோணமுத்து, பெ. சோணமுத்து என்று நாற்பது தடவை. பாதி அவள் எழுதியது, பாதி நான் பார்த்து வரைந்தது.

அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. ரேங்க் கார்டில் நான் பெருவிரலை மையில் தொட்டு வைத்ததைப் பார்த்து அவள் வகுப்பில் ஒரு பையன் கேலி செய்திருக்கிறான். வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள். "யப்பா, நீ இனிமே ரேகை வைக்கக் கூடாது. நாஞ் சொல்லித் தாறேன்" என்று என் விரலைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வயது. என்னைத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தாள். சுழி ஒன்று குறைந்தால் மறுபடி எழுது என்பாள். பத்து நாளில் பிடித்துக்கொண்டேன். ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டபோது கடைக்காரர், "படிச்சவர் கையெழுத்து மாதிரியில்ல இருக்கு" என்றார். வல்லிக்கு இருந்த பெருமையைப் பார்க்கவேண்டுமே. அதற்கப்புறம் பள்ளிக்கூடத்திலிருந்து எது வந்தாலும் என்னிடம்தான் வரும். அவளே படித்துச் சொல்வாள், நான் போடுவேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எங்களுக்கு இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்பு நோட்டு. இங்கேதான் ரெஜினா டீச்சர் வருகிறார். ஓரத்தில் அவருடைய சிவப்பு மை. எழுத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பு எரிந்தது. நல்ல எழுத்துதான், அதைச் சொல்லவேண்டும்.

‘என் தந்தை’ என்று ஒரு கட்டுரை. எழுத்துக்கூட்டாமல் படித்தேன். "என் தந்தை சலவைத் தொழில் செய்கிறார். அவர் கோபக்காரர். ஆனால் என்னை அடிக்க மாட்டார். அவர் தினமும் காலையில் செய்தித்தாள் படிப்பார். நாட்டு நடப்பை எனக்கு எடுத்துச் சொல்வார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பேப்பர் வாங்குவது தேய்த்த துணியை மடித்துக் கட்ட. தேய்ப்பு வண்டியில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பிள்ளை எழுதியிருக்கிறாள். சிரித்துக்கொண்டே இருந்தவன் கொஞ்ச நேரம் கழித்து வண்டிக்குப் பின்னால் போய் அழுதேன். படித்த அப்பன் வேண்டும் என்று பிள்ளைக்கு ஆசை இருந்திருக்கிறது. வெளியே சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

டீச்சர் அதன் கீழே ‘அருமையான அப்பா’ என்று எழுதியிருந்தார். வாயால் அருமை. அப்புறம் பிள்ளை சாகக் கிடந்தது தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

ஏழாம் வகுப்பு நோட்டைக் கேட்டேன். பஞ்சவர்ணம் முறத்தைக் கீழே வைக்காமல், "எடைக்குப் போட்டுட்டேன்" என்றாள்.

"எதை?"

"ஏழாப்பு நோட்ட. கரையான் பிடிச்சுக் கெடந்துச்சு."

ஒன்றாம் வகுப்பு நோட்டைக் கரையான் விட்டுவிட்டு ஏழாம் வகுப்பை மட்டும் தின்னுமா? என் பிள்ளை கடைசியாக எழுதியதைப் பழைய பேப்பர்காரனிடம் போட எப்படி மனசு வந்தது? கையில் கிடைத்ததை எறிந்தேன். செம்பு சுவரில் பட்டு நெளிந்துபோயிற்று. அவள் செம்பை எடுத்துக் கழுவி வைத்தாள்.

நவம்பர் 17, திங்கள்

அவளோடு பேசவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

இன்னும் பேசவில்லை. சோறு வைக்கிறாள், தின்கிறேன். பழைய பேப்பர்க் கடைகள் மூன்றில் போய்க் கேட்டுவிட்டேன். போன வருடத்துப் பேப்பர் எல்லாம் எப்போதோ போய்விட்டதாம். ஒருவன் என்னைப் பைத்தியம் என்று நினைத்து டீ வாங்கிக் கொடுத்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். ஐந்து தடவை எழுதிக் கிழித்தாயிற்று. ‘ஐயா’ என்று தொடங்கினால் கோபம் குறைந்துவிடுகிறது. கோபமாகத் தொடங்கினால் எழுத்து கோணிவிடுகிறது.

டிசம்பர் 15, திங்கள்

கொடுத்துவிட்டேன். அதே வரிசை, அதே மேசை, வேறு அதிகாரி. "யார் எழுதினது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று அவர் கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "என் மகளுக்கு ரெண்டு மாசமா ஒடம்பு சரியில்லைங்கய்யா. அது டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கணும். எனக்குச் சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா பிள்ள இருந்திருக்கும்." யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி முழுவதும் படித்தார். கட்டாயம் விசாரிப்பார்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு பஞ்சவர்ணத்தோடு பேசினேன். மனு கொடுத்தாயிற்று என்றேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

கடிதம் வந்தது. தபால்காரர் படிக்கவா என்றார். வேண்டாம் என்று வாங்கி நானே படித்தேன். ஜனவரி 28, புதன், காலை 11 மணி, கல்வி அலுவலகத்தில் விசாரணை. ஆசிரியை ரெஜினாவும் வருவார். பஞ்சவர்ணத்துக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "டீச்சருக்கு வேல போயிருமா?" என்றாள். போகவேண்டும் என்றேன். அவள் சாப்பிடவில்லை.

ஜனவரி 17, சனி

வல்லி போய் வருஷம் திரும்புகிறது. நாளை மறுநாள் படையல். பஞ்சவர்ணம் வேலைக்குப் போயிருந்தாள். அவளை ரொம்ப நாள் வாட்டிவிட்டேன் என்று தோன்றியது. ஊரார் துணியெல்லாம் தேய்க்கிறேன், அவள் சேலை ஒன்றையும் தேய்த்ததில்லை. படையலுக்குக் கட்டட்டும் என்று அவளுடைய கல்யாணச் சேலையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து விரித்தேன்.

மடிப்புக்குள் ஒரு நோட்டு இருந்தது. ஏழாம் வகுப்பு, வீட்டுப்பாட டைரி.

ஜனவரி 18, ஞாயிறு

வண்டி எடுக்கவில்லை.

ஜனவரி 19, திங்கள்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இன்னும் நான் படிக்காத மாதிரியே இருந்துவிடுவேன்.

டீச்சர் மூன்று தடவை எழுதியிருக்கிறார்.

நவம்பர் 11: ‘வல்லி வகுப்பில் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிறாள். மருத்துவரிடம் காட்டவும்.’ கீழே, பெ. சோணமுத்து.

நவம்பர் 28: ‘மிகவும் இளைத்துவிட்டாள். வகுப்பில் தூங்கிவிடுகிறாள். அரசு மருத்துவமனையில் சர்க்கரைப் பரிசோதனை செய்யவும். அவசரம்.’ கீழே, பெ. சோணமுத்து.

டிசம்பர் 19: ‘இரண்டு முறை எழுதிவிட்டேன். காட்டினீர்களா? ஒருமுறை என்னை வந்து பார்க்கவும்.’ கீழே, பெ. சோணமுத்து.

மூன்றும் ஞாபகம் இருக்கிறது. முதல் தடவை, பேச்சுப் போட்டியில் சேர்த்திருக்கிறார்கள் என்று படித்தாள். இரண்டாம் தடவை கணக்கில் நல்ல மார்க் என்றாள். மூன்றாம் தடவை அரைப் பரீட்சை லீவு என்றாள், அன்றைக்கு நான் குஷியில் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோடும் இருக்கிறது.

பொய் சொன்னாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை. அடிக்கடி ஒன்றுக்குப் போகிறேன் என்று அப்பனிடம் எப்படிப் படித்துக் காட்டும்? வெட்கப்பட்டிருக்கிறாள். முதல் தடவை மறைத்துவிட்டு, அடுத்த தடவை முதலில் மறைத்ததற்காகப் பயந்திருக்கிறாள். நான் கொஞ்சம் படித்தவனாக இருந்திருந்தால் அவள் மறைத்திருக்கவே முடியாது.

படையல் போட்டு முடித்ததும் டைரியைப் பஞ்சவர்ணத்தின் முன்னால் வைத்தேன். அவள் அழவில்லை.

"பதினாறாம் நாள் நீங்க டீச்சரக் கத்திட்டு வெளிய போனீங்கள்ல, அப்ப டீச்சர் பிள்ள பையில இருந்த இத எடுத்து எனக்குக் காட்டுனாக. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா உங்க கையெழுத்துத் தெரியும். அவுக கால்ல விழுந்தேன். அந்த மனுசனுக்குத் தெரிய வேணாம் டீச்சர், தெரிஞ்சா உசுரோட இருக்க மாட்டாருன்னு. அவுக என்னையத் தூக்கி விட்டு, சரி சொல்ல மாட்டேன்னாக."

"வேல போகப்போகுதேடி அவருக்கு."

"உங்க உசுரா அவுக வேலையான்னா நான் என்ன செய்வேன்?" என்றாள். பிறகு, "நீங்க படிச்சு முடிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

ஜனவரி 22, வியாழன்

வண்டி எடுத்தேன். மூன்று சட்டை கருகிவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

பஞ்சவர்ணம் டைரியை மறுபடி சேலைக்குள் வைத்துவிட்டாள். "விசாரணைக்குப் போகாதீங்க. போகலேன்னா அவங்களே முடிச்சு வச்சிருவாங்க. யாருக்கும் ஒண்ணும் தெரிய வேணாம்" என்றாள். அவள் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். போகாமல் இருந்தால் ஊருக்கு நான் பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன். போனால் கையெழுத்துப் போட்டுக் கொன்றவன். மூன்று நாளாக இதே யோசனை. எனக்கு வெட்கமாக இருக்கிறது, யோசிப்பதற்கே.

ஜனவரி 28, புதன்

போனேன். பஞ்சவர்ணமும் வந்தாள்.

ரெஜினா டீச்சர் முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வருடத்தில் பாதியாகிவிட்டார். அதிகாரி என் மனுவை அவருக்குப் படித்துக் காட்டினார். என் எழுத்து, என் வார்த்தை, ஒவ்வொன்றும் என் முதுகில் விழுந்தது. "பெற்றோருக்குத் தகவல் சொன்னீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

டீச்சர் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். "சரியாச் சொல்லல சார். என் தப்புதான்" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். துணி மடித்துக் கட்டும் பேப்பரில்தான் டைரியைச் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அதிகாரி கையை நீட்டினார். "நானே வாசிக்கிறேன் சார்" என்றேன். மூன்றையும் வாசித்தேன். வகுப்பில் வாசிப்பது போலச் சத்தமாக, தேதியோடு வாசித்தேன். ஒன்றுக்கு என்ற இடத்திலும் நிறுத்தவில்லை. என் பிள்ளை வாசிக்க முடியாததை நான் வாசிக்கவேண்டும் அல்லவா?

"கையெழுத்து யாருது?"

"என்னோடது சார்."

"படிக்காமயா போட்டீங்க?"

"அப்ப எனக்கு அது ஒண்ணுதான் சார் எழுதத் தெரியும்."

அதிகாரி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். ‘தவறு என்னுடையது’ என்று அவர் சொல்லாமலே சேர்த்து எழுதினேன்.

வெளியே வேப்பமரத்தடியில் டீச்சர் காலில் விழப்போனேன். தடுத்துவிட்டார். "நீங்க தினமும் பேப்பர் படிப்பீங்கன்னு வல்லி கட்டுரையில எழுதியிருந்தாண்ணே. கையெழுத்தும் அவ்வளவு நல்லா இருந்துச்சு. படிச்சுட்டும் கண்டுக்காம இருக்காரேன்னு உங்க மேல கோவமா இருந்தேன். அந்தக் கோவத்துலதான் வீட்டுக்கு வரல. ஒரு நாள் வந்திருக்கணும் நான்" என்றார். அவரை யாரும் மாற்றவில்லையாம். வல்லி உட்கார்ந்த பெஞ்சைப் பார்க்க முடியாமல் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மூன்று பேரும் அழுதோம். டீச்சர் மேலூர் பஸ் ஏறினார். அந்த பஸ் போர்டை நான்தான் படித்துச் சொன்னேன்.

பிப்ரவரி 14, சனி

வகுப்புக்குப் போகவில்லை என்று உமையாள் வீட்டுக்கே வந்துவிட்டாள். எல்லாவற்றையும் பஞ்சவர்ணம் சொன்னாள். கிளம்பும்போது உமையாள், "பரீட்சைக்கு மட்டும் வாங்கண்ணே" என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

பரீட்சை. வல்லியின் வகுப்பறையில்தான் எழுதினேன். எழுத்துக்கூட்டுவது, கணக்கு, பாரம் நிரப்புவது எல்லாம் சுலபம். கடைசிக் கேள்வி: படிக்கக் கற்றுக்கொண்டதால் உங்களுக்குக் கிடைத்த நன்மை பற்றி ஐந்து வரி எழுதுக.

கருப்பணன் பக்கம் பக்கமாக எழுதினான். நான் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் சரி, தேறிவிடுவேன் என்று உமையாள் சொல்கிறாள்.

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம் பஞ்சவர்ணம் அந்த டைரியை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். "எனக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். அதையா என்றேன். "அது மட்டுமில்ல. அவ எழுதினது எல்லாம். நான் ஒண்ணுகூடக் கேட்டதில்லையே" என்றாள்.

முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். கணக்கு பயிற்சி மூன்று. அறிவியல் படம் வரைக. நாளை கிராப்ட் பேப்பர் கொண்டு வரவும். ஒவ்வொன்றுக்கும் பஞ்சவர்ணம் தலையை ஆட்டினாள். "ஆமா, அந்தப் பேப்பர நாந்தான் வாங்கிக் கொடுத்தேன்" என்றாள். டீச்சர் எழுதிய மூன்றும் வந்தது. தாண்டிவிடலாமா என்று பார்த்தேன். "வாசிங்க" என்றாள். இருந்தபடியே வாசித்தேன்.

கடைசியாக வல்லி எழுதியது ஜனவரி 10. பொங்கல் விடுமுறைக்கான வீட்டுப்பாடம். தமிழ்: ‘எங்கள் வீட்டுப் பொங்கல்’ பத்து வரிகள்.

"எழுதிட்டாளா?" என்று கேட்டாள்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். இல்லை என்றேன். அதற்கு அடுத்த பக்கத்தையும் அவளே புரட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் வெறும் பக்கம் தெரியுமே.

"நீங்க எழுதுங்க" என்றாள்.

வல்லியின் டைரியில் எழுத எனக்கு மனசில்லை. இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பொங்கல். பொங்கல் செவ்வாய்க்கிழமை வந்தது. என் மனைவி வாசலில் பானை வைத்தாள். என் மகள் ஆனந்தவல்லி பச்சைப் பாவாடை கட்டியிருந்தாள், அதை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். இடுப்பில் நிற்காமல் பாவாடை நழுவியது, ஊக்கு குத்திக்கொண்டாள். பொங்கல் பொங்கியபோது மூன்று பேரும் குலவை போட்டோம். சாயங்காலம் அவளைக் கடைவீதிக்குக் கூட்டிப்போனேன். நடக்க முடியவில்லை என்றாள், தோளில் சாய்த்துக்கொண்டேன். தாகமாக இருக்கிறது என்றாள். கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். இன்னும் தாகமாக இருக்கிறது என்றாள், இன்னொரு டம்ளர் வாங்கிக் கொடுத்தேன்.